திரைச்சீலைக்குள் பதினான்கு காசுகள்

எங்கள் வீட்டில் எதைக் கையில் எடுத்தாலும் என் மனைவி கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "பிறவியா, அடியா?" காசுக்காக ஏற்பட்ட கேள்வி அது. அச்சடிக்கும் ஆலையிலிருந்து வெளியே வரும்போதே ஒரு காசு குறையோடு வந்தால் அது பிறவி. ஊர் சுற்றும்போது நசுங்கியோ கீறியோ போனால் அது அடி. பிறவிக் குறை உள்ள காசைத் தேடி அலைகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அடிபட்ட காசை டீக்கடைக்காரர்கூட யோசித்துத்தான் வாங்குவார்.

பிறகு அந்தக் கேள்வி காசை விட்டு வெளியே வந்துவிட்டது. ஆடும் நாற்காலி, வாசல் கதவின் கிரீச் சத்தம், என் மறதி எல்லாவற்றுக்கும் அதே கேள்வி. என் அம்மாவிடமே, "அத்தை, உங்க பிள்ளை ஈரத் துண்டைக் கட்டில்ல போடுறது பிறவிதான். என் கைக்கு வரும்போதே இப்படித்தான் இருந்தாரு" என்று சொல்லியிருக்கிறாள். கடைசியில் இதய வால்வில் கோளாறு என்று டாக்டர் சொன்னபோது, படுத்தபடியே, "பிறவியா டாக்டர், அடியா?" என்றாள். விஷயம் தெரியாத அவர் பத்து நிமிடம் பொறுமையாக விளக்கினார். அவர் போனதும் என் பக்கம் திரும்பி, "பிறவியாம். உங்க மேல பழி இல்ல, போங்க" என்றாள்.

அவள் போய் நான்கு வருடம் ஆகிறது. நான் சொல்ல வந்தது அதற்கும் ஏழு வருடம் முந்தைய கதை.

அப்போது அவள் நீச்சல் குளத்தில் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் ஒரு பெரிய சலவை நிலையத்தில் ஃபிட்டர். மருத்துவமனைகளிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் மூட்டை மூட்டையாக விரிப்பும் துண்டும் சீருடையும் வரும். துணி உலர்த்தும் டிரையர்கள் எட்டு. ஒவ்வொன்றின் உருளையும் ஓர் ஆள் உள்ளே நின்று சட்டை மாற்றிக்கொள்ளும் அளவு. அவை ஓடுவதும் நிற்பதும் என் பொறுப்பு.

மூக்குக் கண்ணாடிக் கடைக்கு மேல்மாடியில் ஓர் அறை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே நாணயச் சங்கம் கூடும். உறுப்பினர்கள் பன்னிரண்டு பேர். தலைவர் பழைய கடிகாரக்காரர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன எடைக் கருவி வைத்திருப்பார் என்பதால் எல்லோருக்கும் அவர் 'தராசு'. நேரில் மட்டும் 'தலைவர் அண்ணன்'. உறுப்பினரான என் மனைவிக்குத் துணையாகப் போகிற நான் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து டீ குடிப்பேன்.

சங்கத்தில் இரண்டு சட்டங்கள் உண்டு. காசு மீதிச் சில்லறையாகத் தானே கைக்கோ வீட்டுக்கோ வந்திருக்க வேண்டும். விலைக்கு வாங்கியதும் யாராவது கொடுத்ததும் செல்லாது. இன்னொன்று கொஞ்சம் கொடூரமானது. பிறவி என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட காசு பின்னால் அடி என்று தெரியவந்தால், கையெழுத்துப் போட்டவர் ஒரு வருடம் லென்ஸைத் தொடக்கூடாது. மற்றவர்கள் மாற்றி மாற்றிக் காசைப் பார்த்து 'ஆகா' என்பார்கள். இவர் கையைக் கட்டிக்கொண்டு அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டியதுதான். அந்த வருடம் பல் டாக்டர் மாட்டியிருந்தார். வாரம் முழுக்க ஊரார் பல்லை லென்ஸ் வைத்துப் பார்க்கிறவர், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெறுங்கண்ணோடு பெருமூச்சு விடுவார்.

என் மனைவி ஒருமுறைகூட மாட்டியதில்லை. காசின் மேல் ஒரு கோடு தெரிந்தால் உடனே துள்ள மாட்டாள். விளக்கைச் சாய்த்துப் பார்ப்பாள். கோடு மேடாக இருந்தால் அச்சிலேயே விரிசல் இருந்திருக்கிறது, பிறவி. பள்ளமாக இருந்தால் யாரோ கீறியிருக்கிறார்கள், அடி. ஓரத்தில் ஒரு துண்டு கடித்த மாதிரி இல்லையென்றால், நேர் எதிர் ஓரத்தைப் பார்ப்பாள். தகடு வெட்டும்போதே போன துண்டு என்றால் எதிர் ஓரமும் மழுங்கியிருக்குமாம். "உலோகம் எங்கயும் காணாமப் போகாதுங்க. எங்க போச்சுன்னு அதையே கேக்கணும்" என்பாள். இத்தனை கறாராகப் பார்த்ததில், பல வருடத்தில் அவளுக்குத் தேறியது ஐந்தே காசுகள்.

ஐந்தாவது கிடைத்துப் பதினோரு மாதம் ஆகியிருந்தது. "என்னம்மா, குளத்துத் தண்ணி கண்ணுல போயிடுச்சா?" என்று தராசு வாராவாரம் கேட்க ஆரம்பித்திருந்தார். அவளும் சிரித்துக்கொண்டே ஏதாவது சொல்வாள். ஆனால் வீட்டுக்கு வரும் வழியில் பேசமாட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் மூன்றாம் நம்பர் டிரையரின் முகப்புத் தகட்டைக் கழற்றினேன். உருளைக்கும் தகட்டுக்கும் இடையே ஒரு காசு சிக்கியிருந்தது. துடைத்துப் பார்த்தேன். சுற்றளவு ஒரு மயிரிழை குறைவு. விளிம்பு தடித்து, சுற்றிலும் ஒரே சீராக உள்பக்கம் மடிந்திருந்தது, யாரோ அதற்கு அழகாகக் கரை கட்டிவிட்டது போல. ஓரத்து எழுத்துகள் பாதி விளிம்புக்குள் போயிருந்தன. இருபது வருடம் இயந்திரத்தோடு பழகியவன் நான் என்ன நினைத்திருக்க வேண்டும்? என்ன நினைத்தேன் தெரியுமா? 'விளிம்பு இவ்வளவு தடியாக இருந்ததால்தான் பாவம் இடுக்கில் சிக்கிக்கொண்டது' என்று நினைத்தேன்.

நான் கொடுத்தால் செல்லாது. அதனால் அன்று சாயங்காலம் ரொட்டி வாங்கிக்கொண்டு வந்து, வழக்கம் போல மீதிச் சில்லறையை அவள் தட்டில் கொட்டும்போது, கூடவே அதையும் கொட்டிவிட்டுக் கை கழுவப் போய்விட்டேன்.

பத்து நிமிடம்கூட ஆகவில்லை, கண்டுபிடித்துவிட்டாள். அடுத்த நான்கு நாள் சமையல் என்னுடையது.

அவள் அவசரப்படவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். தராசின் கருவியில் எடை போட்டாள். சரியாக இருந்தது. அப்படியானால் சின்னத் தகட்டில் அடித்தது இல்லை. சுத்தியல் பட்ட தடம் எங்கேயாவது இருக்கிறதா என்று லென்ஸ் வைத்து அங்குலம் அங்குலமாகத் தேடினாள். ஒன்றும் இல்லை. "மனுஷன் அடிச்சா இவ்வளவு ஒழுங்கா அடிக்க மாட்டாங்க. ஆலையிலயே, அச்சு விழுந்த பிறகு, விளிம்பு கட்டுற மெஷின்ல திரும்பப் போய் மாட்டியிருக்கு" என்றாள். தராசும் மூன்று ஞாயிறு பார்த்துவிட்டு ஒப்புக்கொண்டார். நோட்டில் 'பிறவி' என்று எழுதி அவள் கையெழுத்துப் போட்டாள். கீழே அவர் போட்டார். வருடாந்தரக் கண்காட்சியில், நூலக மண்டபத்தின் நடுக் கண்ணாடிப் பெட்டியில் அந்தக் காசு தனியாக இருக்கும் என்றும், அவள் மூன்று நிமிடம் பேசுவாள் என்றும் முடிவாயிற்று. அழைப்பிதழ் அச்சாகி வந்தது.

கண்காட்சிக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை இஸ்திரி அறையில் மின்விசிறியைச் சரிசெய்துகொண்டிருந்தேன். விசிறியை ஓட விட்டதும் எல்லாத் திரைச்சீலைகளும் பறந்தன. ஒன்று மட்டும் அசையவில்லை.

"என்ன ஃபிட்டரே, ஜன்னலையே பாக்குறீங்க?" என்றாள் இஸ்திரி போடும் அக்கா.

"இந்தத் திரை மட்டும் ஏன்க்கா ஆடவே மாட்டேங்குது?"

"அடியில காசு வச்சுத் தச்சிருக்கேன்ல. இல்லைன்னா பறந்து வந்து இஸ்திரிப் பெட்டி மேல விழுதே."

"காசா?"

"டிரையரைத் துடைக்கும்போது கிடைக்கும். யார் பையிலயோ இருந்து விழுந்தது. வருஷக்கணக்கா உள்ளேயே உருண்டு உருண்டு ஓரம் மடிஞ்சு போயிருக்கும். கடையில குடுத்தா என்னைக் கள்ளக்காசு அடிக்கிறவ மாதிரி பாக்குறாங்க. இதுக்காவது ஆகட்டுமேன்னு தச்சேன். தொட்டுத்தான் பாருங்களேன்."

தொட்டுப் பார்த்தேன். துணிக்குள் வரிசையாகப் பதினான்கு. எல்லாவற்றுக்கும் அதே தடித்த விளிம்பு. தடியாக இருந்ததால் நான் எடுத்த காசு சிக்கவில்லை, சிக்கியதால் தடித்திருக்கிறது. சுத்தியல் ஒரே அடியில் தடம் போட்டுவிடும். உருளையோ தட்டிக்கொண்டே இருக்கும், ஒரு நாளைக்குப் பல்லாயிரம் தடவை, பூப்போல. அதில் தடம் எப்படி இருக்கும்?

"என்ன ஃபிட்டரே, முகம் வெளுத்துப்போச்சு? எடுத்துக்கணும்னா ஒண்ணு எடுத்துக்குங்க" என்றாள் அக்கா.

இரண்டு நாள் நான் வாயைத் திறக்கவில்லை. வியாழக்கிழமை சாயங்காலம் அவள் கண்ணாடி முன் நின்று பேச்சைப் பழகிக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு சொல்லணும்" என்றேன்.

"கையைக் கிய்யை வெட்டிக்கிட்டீங்களா?"

"இல்ல."

"வேலை போச்சா?"

"இல்ல."

"அப்ப பிறகு சொல்லுங்க. ரெண்டாவது பத்தி மறந்து போச்சு."

"அந்தக் காசு ரொட்டிக் கடையில வந்தது இல்ல."

கையில் இருந்த தாளை மடித்துக்கொண்டே உட்கார்ந்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன், திரைச்சீலை வரை. சொல்லி முடித்த பிறகு அவள் கேட்ட முதல் கேள்வி, "பதினாலும் எந்தெந்த வருஷத்துக் காசு?"

"பாக்கல."

"பாக்கலையா! என்கூட இத்தனை வருஷம் இருந்துட்டு, ஒரு காசைப் பார்த்தா வருஷம் பாக்கணும்னு தோணலையா உங்களுக்கு?" அதுவரை வராத கோபம் அப்போதுதான் வந்தது. எழுந்து அடுக்களைக்குப் போனாள். அங்கே ஒரு பாத்திரம் தேவைக்கு மேல் சத்தத்தோடு கழுவப்பட்டது.

திரும்பி வந்தபோது நான் சொல்லிப் பார்த்தேன். "யாருக்கும் தெரியாது. இஸ்திரி அக்காவுக்கே இதெல்லாம் தெரியாது. கண்காட்சி முடியட்டுமே."

"பொய்யைக் கண்ணாடிப் பெட்டியில வச்சு, பக்கத்துல என் பேரையும் வச்சிட்டு, அடுத்த வாரம் இன்னொருத்தர் காசைப் பார்த்து இது அடின்னு நான் எந்த வாயால சொல்றது? என்கிட்ட இருக்கறது அந்த ஒரு வாய்தான். லென்ஸ் போனா போகட்டும், ஒரு வருஷம்தானே" என்றாள். ஒரு வருடம் என்று சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கியது.

வெள்ளிக்கிழமை தராசின் வீட்டுக்குப் போனோம். நடுப்பெட்டிக்கான அட்டையில் அவரே கைப்பட எழுதிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நான் சொன்ன தீர்ப்பு தப்பு."

"மேடை பயம்மா. முதல் தடவை எல்லாருக்கும் வர்றதுதான். வெந்நீர் குடி."

"பயம் இல்லண்ணே. அது டிரையர்ல உருண்ட காசு."

"யார் சொன்னா?"

"இவர்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இவருக்கு நாணயத்தைப் பத்தி என்ன தெரியும்?"

"நாணயத்தைப் பத்தி ஒண்ணும் தெரியாது. டிரையரைப் பத்தித் தெரியும்."

"இதப் பாரும்மா" என்று குரலைத் தாழ்த்தினார். "அந்த நோட்டுல நானும் கையெழுத்துப் போட்டிருக்கேன். முப்பத்தோரு வருஷத்துல என் கையை விட்டு லென்ஸ் போனதில்ல. அந்தப் பல் டாக்டர் பக்கத்துல நான் கையைக் கட்டிக்கிட்டு உட்காரணுமா? அது பிறவிதான். ஞாயித்துக்கிழமை வந்து பேசு." பேச்சு முடிந்தது என்பதற்கு அடையாளமாக அட்டையின் மேல் ஊதி மையைக் காயவைக்க ஆரம்பித்தார்.

ஞாயிறு காலை நூலக மண்டபத்தில் நாற்பது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். நான் கடைசி வரிசையில், மடியில் ஒரு திரைச்சீலையோடு உட்கார்ந்திருந்தேன். திரும்பத் தைத்துக் கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனையில்தான் அக்கா அதைக் கழற்றிக் கொடுத்திருந்தாள்.

என் மனைவி மேடை ஏறினாள். பழகிய மூன்று பத்தியையும் விட்டுவிட்டாள். "நடுப்பெட்டியில இருக்கற காசு பிறவிக் குறை இல்லைங்க. அடிபட்டது. நான் தப்பாச் சொல்லிட்டேன்" என்றாள்.

தராசு எழுந்தார். "தங்கச்சி அடக்கமாப் பேசறாங்க..."

"அண்ணே, உக்காருங்க." என்னைப் பார்த்துக் கையசைத்தாள். நான் திரைச்சீலையைக் கொண்டுபோனேன். பிடித்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. முன்வரிசையிலிருந்து பல் டாக்டர் துள்ளி எழுந்து ஒரு முனையைப் பிடித்தார். ஒரு வருடமாக அவருக்குச் சங்கத்தில் செய்ய வேறு வேலை இல்லை. அவள் அடித்தையலைக் கத்தரித்தாள். பதினான்கு காசும் மேசையில் கொட்டி உருண்டன. கூட்டம் எழுந்து நின்று பார்த்தது.

தராசு ஒன்றை எடுத்தார், இன்னொன்றை எடுத்தார். "இது ஏன் ஒரே சமயத்துல ஆலையில நடந்த பிழையா இருக்கக்கூடாது? மொத்தமா பதினஞ்சும் அங்கயே மாட்டியிருக்கலாம்."

"வருஷத்தைப் படிங்கண்ணே. சத்தமா."

அவர் படிக்கத் தொடங்கினார். ஐந்தாவது காசுக்குப் பிறகு சத்தம் குறைந்தது. பதினான்கும் பத்தொன்பது வருட இடைவெளிக்குள் வெவ்வேறு வருடங்களில் அடித்தவை. அதிலும் இரண்டு, மதிப்பே வேறான காசுகள்.

"பத்தொன்பது வருஷமா அந்த ஆலை ஒரே தப்பைத் திருப்பித் திருப்பிப் பண்ணி, அத்தனையையும் பொறுக்கி எங்க வீட்டுக்காரர் வேலை பாக்குற லாண்டரிக்கே அனுப்பிச்சுதாண்ணே?" என்றாள். மண்டபம் சிரித்தது.

தராசுக்கு ரோஷம் வந்துவிட்டது. "சரிம்மா. டிரையர்ல கிடந்த காசுன்னா, மீதிச் சில்லறையா வந்துச்சுன்னு நோட்டுல எப்படி எழுதின? தெரிஞ்சே பொய்யா எழுதின?"

சிரிப்பு நின்றது. தவறான தீர்ப்புக்குத் தண்டனை ஒரு வருடம். பொய்க்குச் சங்கத்தில் தண்டனையே எழுதிவைக்கவில்லை. அதுவரை யாருக்கும் அது தேவைப்பட்டதில்லை. என்னைக் காட்டிக்கொடுக்கக்கூடாது என்று அவள் வாயை இறுக்கிக்கொண்டு நின்றாள். நான் திரைச்சீலையைப் பிடித்தபடியே பேசினேன். என் வாழ்க்கையில் மேடையில் பேசியது அந்த ஒரு தடவைதான்.

"அவ பொய் எழுதலைங்க. ரொட்டிக் கடைச் சில்லறையோட நான்தான் அதைக் கலந்து போட்டேன். அவளுக்குத் தெரியாது."

"ஏன்யா?" என்றார் தராசு. நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை.

"ஏதாவது கிடைச்சா அவ மூக்கால ஒரு சத்தம் போடுவா. தண்ணி கொதிக்கறதுக்கு முன்னால கெட்டில் போடுமே, அந்த மாதிரி. பதினோரு மாசமா அதைக் கேக்கல. கேக்கணும் போல இருந்துச்சு."

என் மனைவி மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், காதுமடல் சிவந்திருந்தது. பல் டாக்டர்தான் தொண்டையைச் செருமினார். "அந்தச் சத்தம் எங்க கிளினிக்லயும் போட்டாங்க. நான் வலிக்குதுன்னு நினைச்சு ஊசி போட்டுட்டேன்."

அதன் பிறகு சிரிப்பை அடக்க முடியவில்லை. தராசுகூடச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, கழுத்தில் தொங்கிய லென்ஸைக் கழற்றி மேசையில் வைத்தார். நோட்டை வரவழைத்து, 'பிறவி' என்பதை அடித்துவிட்டு 'அடி' என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டார். பேனாவை அவளிடம் நீட்டினார். அவளும் போட்டாள். தன் தண்டனை முடிய இன்னும் மூன்று வாரமே இருக்கும் வேளையில் இப்படி இரண்டு பெரிய துணைகள் கிடைத்ததில் பல் டாக்டர் முகத்தில் அப்படி ஒரு பிரகாசம். அன்று முழுவதும் பார்வையாளர்கள் நடுப்பெட்டியை விட்டுவிட்டு அந்தத் திரைச்சீலையைச் சுற்றித்தான் நின்றார்கள்.

பேருந்தில் வீடு திரும்பும்போது அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள்.

"வேற ஏதாவது வச்சீங்களா?" என்றாள், வெளியே பார்த்தபடி.

"இல்ல."

"அந்த அஞ்சு?"

"அது நீயே கண்டுபிடிச்சது."

திரும்பி என்னைப் பார்த்தாள். எடை போட்டோ விளக்கைச் சாய்த்தோ பார்க்க முடியாத விஷயம். என் ஒரு சொல்லை நம்பினால் அந்த ஐந்தும் அவளுடையவை. நம்பாவிட்டால் ஒன்றும் இல்லை. வெகுநேரம் பார்த்தாள். பேருந்து ஒரு சிக்னலில் நின்று கிளம்பியது.

"சரி" என்றாள். "ரொட்டி வாங்கணும். எறங்குங்க."

கடையில் அவளே காசு கொடுத்து அவளே மீதி வாங்கினாள். என்னை வாசலுக்கு வெளியே நிற்கச் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து கடைக்குப் போவது அவள் வேலையாயிற்று. கடைசி வருடம் படி இறங்க முடியாமல் போனபோதுதான் அந்த வேலை மறுபடி என்னிடம் வந்தது. அப்போதும், நான் சில்லறையை நீட்டினால் உடனே வாங்கமாட்டாள். முதலில் என் சட்டைப் பையைத் தடவிப் பார்ப்பாள். அடுத்து உள்ளங்கையை விரிக்கச் சொல்லி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்ப்பாள். அதன் பிறகுதான் தட்டில் கொட்ட அனுமதி.